பால் புட்டியும் பச்சைப் பிள்ளையின் வயிற்று வாயுவும்



தலத்தெருவிலும் சுற்று வட்டாரத்திலும் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் பேசி முடித்த பிறகு உறுப்பினர்கள் மெல்ல ஆரம்பிக்கிற பேச்சு ஒன்று உண்டு. "சாயங்காலம் ஆனா போதும், பேரப்புள்ள விடாம அழுவுது. வவுறு கல்லு மாதிரி இருக்கு. வாயுதான்னு சொல்றாங்க. என்ன குடுக்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். "தாய்ப்பாலா, பாட்டில் பாலா?" என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் "ரெண்டும்தான்" என்று பதில் வரும்.

வயிற்று வாயுவுக்கும் பால் புட்டிக்கும் நிறைய சம்பந்தம் இருக்கிறது. அதனால் இந்த இதழில் அதைப் பற்றி விளக்கமாகப் பார்ப்போம். புட்டி கொடுக்கிற தாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலைக்குப் போகிற கட்டாயம், "பால் பத்தலை" என்ற பயம், பக்கத்து வீட்டு யோசனை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். விவரம் தெரிந்தால் முடிவை நாமே எடுக்கலாம்.

வாயு எங்கிருந்து வருகிறது?

பச்சைப் பிள்ளையின் வயிற்றுக்குள் காற்று இரண்டு வழியில் சேருகிறது. ஒன்று, பால் குடிக்கும்போதும் அழும்போதும் வாய் வழியாக விழுங்குகிற காற்று. இன்னொன்று, பால் குடலில் செரிக்கும்போது உண்டாகிற காற்று. இரண்டுமே எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். பெரியவர்கள் எழுந்து நடக்கிறோம், ஏப்பம் விடுகிறோம், காற்று வெளியேறிவிடுகிறது. படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு அது எளிதில் நடப்பதில்லை. காலை மடக்கும், முகம் சிவக்கும், முக்கும், அழும்.

புட்டியில் குடிக்கும்போது காற்று அதிகமாக உள்ளே போக வாய்ப்பு இருக்கிறது. காரணங்களைப் பாருங்கள்:

1. மார்பில் சரியாகப் பிடித்த குழந்தையின் வாய்க்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி இருக்காது. காற்று புக வழி குறைவு. புட்டியைச் சரியாகச் சாய்க்காவிட்டால் நிப்பிளுக்குள் பாதி பாலும் பாதி காற்றும் நிற்கும். பிள்ளை இரண்டையும் சேர்த்து உறிஞ்சும்.

2. நிப்பிள் ஓட்டை பெரிதாக இருந்தால் பால் கொட்டும். பிள்ளை மூச்சு முட்ட மடக்கு மடக்கென்று விழுங்கும். ஓட்டை ரொம்பச் சிறிதாக இருந்தால் பால் வராமல் வெறும் காற்றை இழுக்கும். ஓட்டையை ஊசி காய்ச்சிப் பெரிதாக்குகிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம்.

3. பவுடரைப் போட்டு புட்டியை வேகமாகக் குலுக்கினால் நுரை வரும். நுரை முழுக்க காற்றுதான்.

4. மார்பில் குடிக்கிற பிள்ளை போதும் என்றால் தானே விட்டுவிடும். புட்டியில் மிச்சம் இருந்தால் "வீணாப் போவுதே" என்று நாம் மறுபடி வாயில் வைக்கிறோம். வயிறு கொள்ளாமல் கக்கும், உப்பும்.

எல்லா அழுகையும் வாயு அல்ல

பிள்ளைக்குப் பேசத் தெரியாது. பசி, ஈரத்துணி, புழுக்கம், தூக்கக் கலக்கம், தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்ற ஏக்கம் எல்லாவற்றுக்கும் அதற்கு இருப்பது அழுகை ஒன்றுதான். நம் ஊர் வெயிலில் இரண்டு துணி சுற்றி, தலைக்குக் குல்லாயும் போட்டு வைத்தால் எந்தப் பிள்ளைதான் அழாது?

நன்றாகப் பால் குடித்து எடை ஏறிக்கொண்டிருக்கிற சில பிள்ளைகளும் காரணமே தெரியாமல் மாலை நேரத்தில் மணிக்கணக்கில் அழும். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல் அழுதால் டாக்டர்கள் அதைக் 'காலிக்' என்று சொல்வார்கள். பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்துக்குள் தானாகக் குறைந்துவிடும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது வரும், புட்டிப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் வரும். இதற்கு வாயுதான் காரணம் என்று மருத்துவத்தில் நிரூபணம் இல்லை. அழுது அழுது காற்றை விழுங்குவதால் பிறகு வயிறு உப்புவதும் உண்டு. ஆகவே மாலை அழுகையைப் பார்த்து "என் பால்தான் ஒத்துக்கலை" என்று முடிவு கட்டி புட்டிக்கு மாறிவிடாதீர்கள். மாறினால் கஷ்டம் கூடத்தான் செய்யும்.

தாய் உருளைக்கிழங்கு, பருப்பு சாப்பிட்டால் பிள்ளைக்கு வாயு வரும் என்று பத்தியம் போட்டுத் தாயைப் பட்டினி போடுகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. தாயின் குடலில் உண்டாகிற வாயு பாலில் இறங்காது. பால் கொடுக்கிறவள் பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

ஏப்பம் எடுக்க வைப்பது எப்படி?

காசு செலவில்லாத மருந்து இதுதான். பால் கொடுத்து முடித்ததும், புட்டியாக இருந்தால் பாதி குடித்ததுமே ஒரு தடவை, இப்படிச் செய்யுங்கள்:

* தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்து முதுகை மெதுவாகத் தட்டுங்கள், அல்லது கீழிருந்து மேலாகத் தடவுங்கள்.
* இல்லையென்றால் மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் மார்பையும் தாடையையும் தாங்கிக்கொண்டு, மறு கையால் முதுகைத் தடவுங்கள். தொண்டையை அழுத்திவிடக் கூடாது.
* ஐந்து பத்து நிமிடம் பார்த்தும் ஏப்பம் வரவில்லையா? பரவாயில்லை. எல்லாத் தடவையும் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
* பால் குடித்த உடனே தூளியில் போட்டு வேகமாக ஆட்டாதீர்கள். தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள்.
* பால் குடிக்காத நேரத்தில் வயிற்றை வலஞ்சுழியாக மெதுவாகத் தடவி, கால் இரண்டையும் சைக்கிள் மிதிப்பது போல மடக்கி நீட்டலாம்.

அழுகை நிற்காமல் தாய்க்குப் பொறுமை போகும் நேரமும் வரும். அப்போது பிள்ளையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வாருங்கள். கோபத்தில் பிள்ளையைக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

"பால் பத்தலை" என்பது உண்மையா?

பெரும்பாலான புட்டிகள் இந்த ஒரு வார்த்தையில்தான் வீட்டுக்குள் வருகின்றன. பிறந்த முதல் நாள் பிள்ளையின் வயிறு கோலிக்குண்டு அளவுதான். சில துளி சீம்பாலே அதற்குப் போதும். அழுகிறது என்பதை வைத்துப் பாலின் அளவைக் கணக்குப் போட முடியாது. இரண்டு விஷயத்தைப் பாருங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா? பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்து, பிறகு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு அரைக் கிலோவாவது ஏறுகிறதா? இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறித்துக்கொண்டால் மாமியாருக்கும் காட்டலாம்!

குறைவாக இருந்தால் முதலில் பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தைச் சரி செய்யுங்கள். வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பட்டு, காம்பு மட்டுமில்லாமல் கறுப்பு வட்டமும் வாய்க்குள் போக வேண்டும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். நடுவில் ஒரு வேளை புட்டி கொடுத்தால் அந்த வேளை உறிஞ்சுதல் போய்விடும், சுரப்பும் குறையும், அடுத்த வேளைக்கு இன்னொரு புட்டி. "பத்தலை" என்பது இப்படித்தான் உண்மையாகவே ஆகிவிடுகிறது. ஏற்கெனவே புட்டி பழகியிருந்தாலும், அடிக்கடி மார்பில் போட்டு, எடையைக் கவனித்துக்கொண்டே, படிப்படியாகப் புட்டியைக் குறைத்துத் தாய்ப்பாலுக்குத் திரும்பிய தாய்மார்கள் உண்டு. நர்ஸ் அல்லது ஆஷா உதவியோடு செய்யுங்கள்.

வாயுவைவிடப் பெரிய ஆபத்து: தண்ணீர்

வாயு பிள்ளையை அழ வைக்கும். அழுக்கான புட்டியும் தண்ணீரும் உயிரையே எடுக்கும். இதை நம் மாவட்டத்தைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

2022 ஜூலை 3ஆம் தேதி காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். வயிற்றுப்போக்கோடு நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சிலருக்குக் காலரா என்று பரிசோதனையில் தெரிந்தது. பள்ளிகளை மூன்று நாள் மூடினார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். அந்த நாட்களில், தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காத பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர வழியே இல்லை. புட்டிப்பால் குடித்த பிள்ளைக்கு ஒவ்வொரு வேளைப் பாலிலும் அந்தத் தண்ணீர்தான்.

அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26 சுனாமி. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி எல்லாம் அன்று பட்டதை நாம் மறக்க மாட்டோம். நல்ல மனசோடு பலர் அனுப்பிய நிவாரணப் பொருட்களோடு பால் பவுடரும் வந்தது. புதுச்சேரி ஜிப்மர் டாக்டர்கள் சுனாமி பாதித்த புதுச்சேரி கடலோர கிராமங்களில் ஆய்வு செய்து, 2006ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இலவசமாக வந்த பவுடர் பாலைக் குடித்த குழந்தைகளுக்கு, குடிக்காத குழந்தைகளைவிட மூன்று மடங்கு அதிகமாக வயிற்றுப்போக்கு வந்திருந்தது. வெள்ளம், புயல் என்று நம் கடற்கரைக்கு ஏதாவது வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த தடவை நிவாரண வண்டியில் பவுடர் டப்பா வந்தால் கைக்குழந்தைக்காரிகளுக்கு அதைப் பங்கு போட வேண்டாம். அந்தத் தாய்க்குச் சாப்பாடும், மறைவாக உட்கார்ந்து பால் கொடுக்க இடமும் கொடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

குழுவில் நாம் கணக்குப் பார்க்கப் பழகியவர்கள். இதையும் பார்ப்போம். ஆறு கிலோ எடையுள்ள நான்கு மாதப் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 900 மில்லி பால் குடிக்கும். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் என்றால் 30 ஸ்பூன், அதாவது சுமார் 130 கிராம் பவுடர். 400 கிராம் பாக்கெட் மூன்றே நாள்தான் வரும். மாதத்துக்குப் பத்து பாக்கெட். உங்கள் ஊர்க் கடையில் ஒரு பாக்கெட் என்ன விலை என்று கேட்டுப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். சில வீடுகளில் குழுக் கடன் தவணையைவிட அதிகமாக வரும்.

அவ்வளவு பணம் இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? "ஒரு வாரம் ஓட்டணும்" என்று இரண்டு ஸ்பூனுக்குப் பதில் ஒரு ஸ்பூன். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், பிள்ளைக்கு வயிறும் நிறையும். ஆனால் சத்து பாதிதான். பிள்ளை மெலிந்துகொண்டே போகும், பசியில் அழும். அந்த அழுகையையும் "வாயு" என்று சொல்லி மருந்து கொடுப்போம். பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பதும் இதே கதைதான்.

புட்டி தவிர்க்கவே முடியாது என்றால்

தாய் இல்லாத பிள்ளை, தாய் புற்றுநோய் மருந்து போன்றவை எடுக்கும் நிலை, டாக்டரே எழுதிக் கொடுத்த காரணம் என்று சில வீடுகளில் பவுடர் பால் தேவைப்படும். அப்போதும் புட்டி கட்டாயம் இல்லை. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை, சங்கு இருக்கிறதே! சிறு கிண்ணமும் கரண்டியும் கூடப் போதும். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவது சுலபம். இந்தியக் குழந்தை மருத்துவர்களும் புட்டிக்குப் பதிலாக இதைத்தான் சொல்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

* பாத்திரமோ புட்டியோ, சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் முழுக மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* பவுடரிலேயே கிருமி இருக்கலாம். ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரை மணி நேரத்துக்குள், சூடாக இருக்கும்போதே கலக்குங்கள். பிறகு ஆற வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.
* முதலில் தண்ணீர், பிறகு பவுடர். டப்பாவில் உள்ள ஸ்பூனால், தலை தட்டிய அளவு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.
* குலுக்காமல் கலக்கி, நுரை அடங்கிய பிறகு கொடுங்கள்.
* பிள்ளையைத் தலை உயர்த்தி மடியில் வைத்து, நிப்பிள் முழுக்க பால் நிற்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது.
* புட்டியைத் தலையணையில் முட்டுக்கொடுத்து விட்டுப் போகாதீர்கள். புரையேறும்.
* குடித்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது.

வேலைக்குப் போகிற தாய், சுத்தமான கிண்ணத்தில் தாய்ப்பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். நிழலான இடத்தில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் ஒரு நாள் இருக்கும். பாட்டி பாலாடையில் கொடுக்கலாம். பீய்ச்சிய பாலை அடுப்பில் காய்ச்சாதீர்கள். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்தால் போதும்.

கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து

கிரைப் வாட்டர் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. இது 1851ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஊரைச் சேர்ந்த வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது. அன்றைய மருந்தில் சோம்பு போன்ற ஒரு விதையின் எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு ஆல்கஹாலும் இருந்தது. பிள்ளை உடனே அடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்! இப்போது ஆல்கஹால் இல்லாமல்தான் விற்கிறார்கள். ஆனால் அது அழுகையைக் குணமாக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்றால் கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்பைத் தாக்குகிற கொடிய நோய் வரலாம்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். சுட்டு வயிற்றின் மேல் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம். உரை மருந்தும் அப்படித்தான். உரைக்கிற கல்லிலும் தண்ணீரிலும் எவ்வளவு கிருமி என்று யாருக்குத் தெரியும்? பெருங்காயப் பத்து போடுவதாக இருந்தால் தொப்புள் நன்றாக ஆறிய பிறகுதான். மூக்கில் எண்ணெய் விடுவதும், தொக்கம் எடுப்பதும், உரம் எடுக்கிறேன் என்று துணியில் போட்டு உருட்டுவதும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகும். மற்ற இரண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தைத் தின்றுவிடும்.

சட்டம் நம் பக்கம்

பால் பவுடருக்கும் புட்டிக்கும் இந்தியாவில் விளம்பரமே செய்யக் கூடாது. 1992ல் இதற்கென்று சட்டம் வந்தது, 2003ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். இலவச மாதிரி கொடுப்பது, கம்பெனி ஆட்கள் தாய்மாரைப் பார்த்துப் பேசுவது, டப்பாவில் குழந்தைப் படம் போடுவது எல்லாமே குற்றம். தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவிலேயே எழுதியிருக்க வேண்டும். இலவச டப்பாவை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், கூட்டமைப்பில் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அது "வெறும் வாயு" அல்ல. ராத்திரி என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

* பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது
* பச்சை நிற வாந்தி, அல்லது பீய்ச்சி அடிக்கிற வாந்தி தொடர்ந்து வருவது
* மலத்தில் ரத்தம் அல்லது சிவப்பு ஜெல்லி போன்ற சளி
* வயிறு இறுகி உப்பி, மலமும் காற்றும் போகாமல் இருப்பது
* தொடை இடுக்கில் அமுங்காத வீக்கம்
* மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது
* ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது
* வேகமான மூச்சு, வலிப்பு

108க்குப் போன் செய்யுங்கள். காரைக்கால் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியிலும், பிள்ளை குடித்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பச்சை வாந்தி அல்லது உப்பிய வயிறு இருந்தால் மட்டும் டாக்டர் பார்க்கும் வரை எதுவும் கொடுக்காதீர்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் குழுவில் ஆறு மாதத்துக்குள் பிள்ளை உள்ள வீடு எத்தனை, அதில் புட்டி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பால் கொடுத்துத் தேறிய ஒரு மூத்த உறுப்பினர், புதிதாகப் பிள்ளை பெற்றவளை முதல் பத்து நாளில் இரண்டு தடவையாவது போய்ப் பார்க்கட்டும். பிரசவமான உறுப்பினருக்குத் தவணையை இரண்டு மூன்று மாதம் தள்ளி வைக்க முடியுமா என்று பேசித் தீர்மானம் போடுங்கள். தவணை கட்டுவதற்காகவே நாற்பதாவது நாள் வேலைக்கு ஓடுகிற தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கிளம்பிப் போகும் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் முதல் புட்டி வாங்கப்படுகிறது.

இந்தப் பக்கத்தை எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு யாராவது சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். மாமியார்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.